சேதி தங்காத வாய்

என் செல்போனில் அவருடைய எண் இன்னும் 'குழாய்க்கா' என்றுதான் இருக்கிறது. அந்த வேலையை விட்டு வந்த பிறகும் நான் அதை மாற்றவில்லை. முதன்முதலாக அவர் எனக்குப் போன் செய்தபோது பின்னால் குழாயடியில் குடங்களும் பிளாஸ்டிக் டிரம்களும் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டிருந்தன. வரிசையில் யாரோ நடுவில் புகுந்துவிட்டதைப் பற்றி இரண்டு பெண்கள் இந்தியில் சண்டை போட்டார்கள். அந்தக் கூச்சலுக்கு நடுவே ஒரு குரல், "மேடம், இந்த நோட்டீஸ எழுதினது நீங்கதானா?" என்று கேட்டது. பெருமையாக ஆமாம் என்றேன். "ரெண்டாவது பத்தி வெளங்கல. எனக்கே வெளங்கலன்னா இங்கன ஒருத்திக்கும் வெளங்காது," என்றது குரல்.

நான் அப்போது செம்பூரில் ஒரு சிறிய அறக்கட்டளையில் வேலை பார்த்தேன். இரண்டு அறை, நான்கு பேர். கோவிட் அவசரநிலை முடிந்தது என்று அறிவிப்பு வந்த பிறகுதான் எங்களுக்கு வேலை கூடியது. மாதம் ஒரு முறை ஒரு சுற்றறிக்கை எழுதி, நகரத்தின் பல மூலைகளில் இருக்கும் மண்டல்களுக்கு, அதாவது தெருச் சங்கங்களுக்கு, அனுப்ப வேண்டும். மேல் பாதியில் சுகாதாரச் செய்திகள்: தடுப்பூசி எங்கே கிடைக்கும், எந்தக் காய்ச்சலுக்கு எத்தனை நாள் பொறுத்திருக்கலாம், இருமல் நிற்காவிட்டால் எங்கே போக வேண்டும். கீழ்ப் பாதியில் நிதி உதவி அறிவிப்புகள்: யார் கொடுக்கிறார்கள், எதற்குக் கொடுக்கிறார்கள், விண்ணப்பிக்கக் கடைசி நாள் எது. ஆங்கிலத்தில் எழுதுவதும் நான், தமிழில் எழுதுவதும் நான். எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக ஆபீஸ் உத்தியோகம். வாக்கியம் நீளமாக இல்லாவிட்டால் வேலை செய்த மாதிரியே எனக்கு இருக்காது.

அன்று அவருக்கு விளங்காத வாக்கியம் இது: 'பொதுச் சுகாதார அவசரநிலை முடிவுக்கு வந்ததாக அறிவிக்கப்பட்டிருப்பினும், நோய்ப் பரவல் அறவே நின்றுவிட்டதாகப் பொருள் கொள்ளலாகாது.' அதைப் பத்து நிமிடம் போனில் விளக்கினேன். அவர் ம், ம் என்று பொறுமையாகக் கேட்டார். பிறகு போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு வரிசையைப் பார்த்துச் சொன்னது எனக்கும் கேட்டது.

"ஏ, எல்லாரும் கேட்டுக்கோங்க. சைரன் நின்னுட்டு, ஆனா வண்டி இன்னும் தெருவுலதான் நிக்கி. இருமுறவ வாயப் பொத்திக்கிட்டு இருமுங்க."

மறுபடி போனைக் காதில் வைத்து, "அவ்வளவுதான மேடம்?" என்றார். அவ்வளவுதான் என்று ஒப்புக்கொண்டேன். அன்று முதல் சுற்றறிக்கையை அனுப்புவதற்கு முன் அவரிடம் படித்துக் காட்டுவது என் வழக்கமாயிற்று. அந்தச் சுற்றறிக்கைக்கு ஒரு வருஷத்தில் பதில் சொன்ன ஒரே ஆளும் அவர்தான்.

அடுத்த மாதமே தாராவிக்குப் போய் அவரைப் பார்த்தேன். ஐம்பதை ஒட்டிய வயது, குள்ளம், வேகமான நடை. பள்ளிக்கூடப் பைகளுக்கு ஜிப் தைப்பது தொழில். படிக்கும் கண்ணாடியை ஜிப் நாடாவில் கட்டிக் கழுத்தில் மாட்டியிருந்தார். திருநெல்வேலிப் பக்கத்தில் எட்டாவது வரை படித்துவிட்டுக் கல்யாணமாகி வந்தவர். அவர்கள் 'கல்லி' என்று சொல்லும் அந்தச் சந்தில் தமிழை நிறுத்தாமல் படிக்கத் தெரிந்தவர்கள் மிகச் சிலர். அக்கா எதையும் கடைசி வரி வரைக்கும் படிப்பார், அதுவும் சத்தமாக. மருந்து அட்டையின் பின்புறம் இருக்கும் பொடி எழுத்தை அவர் குழாயடியில் வாசித்து நான் கேட்டிருக்கிறேன்.

அவரைப் பற்றித் தெரிந்துகொள்ள ஒரே ஒரு விஷயம் போதும். எந்தச் சேதியும் அவர் வாயில் தங்காது. நல்லது, கெட்டது, தன்னுடையது, பிறத்தியாருடையது என்ற பேதமே கிடையாது. காதில் விழுந்தது அடுத்த முறை தண்ணீர் வருவதற்குள் நான்கு கல்லிகளுக்குப் போய்விடும்.

"இப்பம் எல்லாரும் அவள மெச்சுதாவ. நோய் வாறதுக்கு முன்னால அவளக் கண்டா ஓடுவோம்," என்று எனக்குச் சொன்னது அடுத்த வீட்டு இட்லிக்காரம்மா. அக்காவுக்கு மயினி, அண்ணி முறை. தினமும் காலையில் இட்லி அவித்து, சைக்கிள் வியாபாரிகளுக்குக் கொடுத்து அனுப்புகிறவர். "ஒரு கல்யாணம் இவ வாயால ரெண்டு மாசம் தள்ளிப் போச்சு, தெரியுமா? பொண்ணு வீட்டுக்காரங்க வந்து மாப்ள எப்பிடின்னு கேட்டாவ. தங்கமான பையன்னு சொல்லிட்டுப் போவேண்டியதுதான? தங்கமான பையன், ஆனா கொறட்ட விட்டாம்னா மச்சுப் பலக ஆடும்னுட்டா."

"அப்புறம் கல்யாணம் நடந்ததா?"

"நடந்துச்சு. பொண்ணு காதுல பஞ்சு வச்சிக்கிட்டு ஒறங்குதா. முன்கூட்டியே சொன்னதுக்கு இவளுக்கு ஒரு சேல எடுத்துக் குடுத்தா."

நோய்க் காலத்துக் கதையையும் இட்லிக்காரம்மாதான் சொன்னார். முதல் அலையில் யாரும் காய்ச்சல் என்று வாய் திறக்கவில்லை. சொன்னால் கல்லி வாசலில் கம்பு கட்டி அடைத்துவிடுவார்கள், ஆளை முகாமுக்குக் கூட்டிப் போய்விடுவார்கள் என்ற பயம். இருமுகிறவர்கள் தலையணையில் வாயை அமுக்கிக்கொண்டு இருமினார்கள். அப்போது ஒரு நாள் மத்தியானம் அக்கா தன் மச்சு ஜன்னலில் நின்று எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் தட்டினார். கல்லி முழுக்கத் தலையை நீட்டிப் பார்த்தது. "எனக்கு வந்துட்டு. நேத்துல இருந்து காச்சல், நாக்குல ருசி கெடையாது. நேத்து எங்கூடப் பேசினவ எல்லாம் போய் டெஸ்ட் எடுங்க. யார் யார்னு நானே சொல்லுதேன்," என்று சொல்லிவிட்டுப் பெயர்களை வரிசையாகச் சொன்னாராம். அவர் பேசாத ஆள் யார் இருக்கிறார்கள்? பாதிக் கல்லியின் பெயர் அதில் இருந்தது.

"எனக்கு அப்பிடி ஆத்திரம் வந்துச்சு," என்றார் இட்லிக்காரம்மா. "ஆனா சாயங்காலத்துக்குள்ள நாலு வீட்டுல இருந்து 'எனக்கும் காச்சல்தான்'னு சத்தம் வந்துச்சு. இவளே சொல்லிட்டா, நாம ஒளிச்சு என்ன பண்ணப் போறோம்னு ஆயிட்டு."

பதினான்கு நாள் கழித்து முகாமிலிருந்து திரும்பிய அக்கா, அங்கே நடந்தது அத்தனையும் குழாயடியில் ஒப்பித்தார். காலையில் என்ன தருகிறார்கள், முட்டை எத்தனை, கக்கூஸ் எப்படி, எந்த நர்ஸ் சிடுசிடுப்பு, எந்த நர்ஸ் பாட்டுப் பாடும் என்பது வரைக்கும். அதற்குப் பிறகு அந்தக் கல்லியில் யாரும் முகாமுக்குப் போக அழவில்லையாம். முட்டை பற்றிய தகவல் குறிப்பாக நன்றாக வேலை செய்தது என்று கேள்வி.

இந்த வாயிடம் நானே ஒரு முறை அகப்பட்டேன். எனக்குச் சர்க்கரை இருப்பது வீட்டில்கூடத் தெரியாது. மாத்திரையைக் கைப்பையின் உள்பையில் ஒளித்து வைத்திருந்தேன், பாதி நாள் போடுவதும் இல்லை. சர்க்கரை நோய் பற்றிச் சுற்றறிக்கை எழுதியபோது, பேச்சுவாக்கில் அக்காவிடம் சொல்லிவிட்டேன். அடுத்த வாரம் அந்தக் கல்லியில் ஆறு வீட்டில் எனக்கு டீ கொடுத்தார்கள். ஆறும் சர்க்கரை போடாத டீ. ஆறாவது வீட்டுப் பெண், முன்பின் தெரியாதவள், "மாத்திர போட்டாச்சா மேடம்?" என்று கேட்டாள். முகம் சிவந்து அக்காவிடம் போனேன்.

"எங்காத்துக்காரருக்கே தெரியாது. உங்ககிட்ட நம்பிச் சொன்னா ஊருக்கெல்லாம் சொல்லிட்டேளே."

"நான் எதுக்குச் சொன்னேன்? நீங்க வாற எடத்துல எல்லாம் ஜீனி போட்டுக் குடுத்தா என்னத்துக்கு ஆவிய?" என்றார் அவர். கொஞ்சமும் சங்கடப்படவில்லை. "வீட்டுலயும் சொல்லிருங்க. சொல்லாட்டி நம்பர் குடுங்க, நான் சொல்லுதேன்."

அவர் செய்யக்கூடிய ஆள் என்பதால் அன்றே வீட்டில் சொல்லிவிட்டேன். மாத்திரையையும் ஒழுங்காகப் போட ஆரம்பித்தேன். அந்தக் கல்லிக்குள் நுழையும்போது பத்துப் பேர் கேட்பார்கள், அவர்களிடம் பொய் சொல்ல எனக்கு வரவில்லை.

இத்தனை அனுபவம் இருந்தும் நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். அவரிடம் ஒரு ரகசியம் சொன்னேன்.

நோய்க் காலத்தில் அவர்கள் மண்டல் ஆபீசுக்கு மேலே இருந்த அறையில் தவாகானா என்று ஒரு சின்ன க்ளினிக் தொடங்கியிருந்தார்கள். இரும்பு ஏணி வைத்து ஏற வேண்டும். வாரத்துக்கு இரண்டு நாள் ஒரு டாக்டர் வருவார், கூடவே ஒரு நர்ஸ். பிரஷர், சர்க்கரை பார்ப்பார்கள், இருமலுக்குச் சளி எடுத்து அனுப்புவார்கள், மாத்திரை கொடுப்பார்கள். அவசரநிலை முடிந்த சில மாதத்தில் அதற்கு வந்துகொண்டிருந்த நிதியும் நின்றுபோனது. அந்த மாதக் கடைசியோடு மூடவேண்டிய நிலை. மூடினால் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும், போனால் ஒரு நாள் வேலை போய்விடும்.

"மாத்திரைய நிறுத்திருவாளுவ மேடம்," என்றார் அக்கா. அன்றைக்கு அவர் குரலில் விளையாட்டு இல்லை. "எனக்குத் தெரியும். வேலயப் போட்டுட்டு எவ போவா? நானே நிறுத்திருவேன். இருந்த ஆளுகள எல்லாம் நோய்ல இருந்து இழுத்துப் பிடிச்சிக் கொண்டாந்தாச்சு. இப்பம் பிரஷருக்குக் குடுத்துரவா?"

அந்த வாரமே எங்கள் அறக்கட்டளையில் ஒரு முடிவு எடுத்தார்கள். ஒவ்வொரு பகுதியிலும் ஒரே ஒரு தவாகானாவை இரண்டு வருஷம் நடத்த நிதி கொடுப்போம், மண்டல்கள் விண்ணப்பிக்கலாம். தாராவியின் அந்தப் பக்கத்தில் எங்கள் சுற்றறிக்கை போவது அக்காவின் மண்டலுக்கு மட்டும்தான். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. செய்யக்கூடாத ஒன்றையும் செய்தேன். சுற்றறிக்கை போவதற்கு முன்பே அவருக்குப் போன் செய்தேன்.

"உங்க பகுதிக்கு ஒண்ணே ஒண்ணுதான். நீங்க ஃபாரம் போட்டா உங்களுக்குத்தான் கிடைக்கும். வேற யார்ட்டேயும் சொல்ல வேண்டாம், என்ன?"

"சரி மேடம்," என்றார். அந்தச் 'சரி'யை நான் நம்பினேன்.

மறுநாளே எங்கள் ஆபீசுக்கு விண்ணப்பப் படிவம் கேட்டுப் போன் மேல் போன் வந்தது. எல்லாம் தாராவியிலிருந்து. சனிக்கிழமை காலை தண்ணீர் வரும் நேரத்துக்கே கிளம்பிப் போனேன். குழாயடியில் ஒரு டிரம்மைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து, மடியில் அட்டையை வைத்து அக்கா எழுதிக்கொண்டிருந்தார். சுற்றி வெவ்வேறு மண்டல்காரர்கள். படிவம் தமிழில் இருந்தது, நான்தான் அப்படி அச்சடிக்கச் சொன்னேன். அவர்களில் ஒருவருக்கும் அதைப் படித்து எழுதத் தெரியாததால் எல்லாவற்றையும் அக்காவே பூர்த்தி செய்தார்.

அவரைத் தனியாக இழுத்துக்கொண்டு போனேன். "யார்ட்டேயும் சொல்ல வேண்டாம்னு சொன்னேனா இல்லையா? எதுக்காக எல்லாருக்கும் சொன்னேள்? போதாததுக்கு எழுதி வேற தரேள்."

"நோட்டீஸ ஒளிச்சு வச்சா அது நோட்டீஸா மேடம்?"

"ஒருத்தருக்குத்தான் கிடைக்கும் அக்கா. உங்களுக்குக் கிடைக்காம போயிடும்."

"ஒருத்தருக்குத்தான் கெடைக்கும்னும் சொல்லித்தான் எழுதுதேன். எதையும் மறைக்கல," என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் என் தோளைத் தட்டிவிட்டுத் திரும்பிப் போய் டிரம்மில் உட்கார்ந்தார்.

அடுத்து வந்தவர் பக்கத்துக் கல்லி மண்டல் தலைவர். அண்ணாச்சி என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். பெல்ட் பட்டறை வைத்திருக்கிறவர், அறுபது வயது, நரைத்த மீசை. தன் கல்லிக்காக மோட்டார் போட்டுத் தண்ணீரை இழுக்கிறார் என்று அக்காவுக்கும் அவருக்கும் ஏழெட்டு வருஷமாகச் சண்டை. ஒரு நாற்காலியைக் கொண்டுவரச் சொல்லி அக்காவுக்கு எதிரே உட்கார்ந்தார். அக்கா ஒவ்வொரு கேள்வியையும் சத்தமாகப் படித்து, பதிலையும் சத்தமாகச் சொல்லிக்கொண்டே எழுதினார். ஆறாவது கேள்வி வந்தது.

"'குறைகள் ஏதேனும் உண்டா?' எழுதுதேன் அண்ணாச்சி. 'இடத்துக்கு ஒரு குறையும் இல்லை. தலைவருக்குக் கோபம் வரும்.'"

"யாருக்குக் கோவம் வருது?" என்று அண்ணாச்சி நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். வரிசை முழுக்கச் சிரித்தது. அவரும் சுற்றிப் பார்த்துவிட்டு, மீசையைத் தடவிக்கொண்டே உட்கார்ந்தார். "சரி, உள்ளதத்தான எழுதுத. எழுதிட்டுப் போ." அதற்குள் அவருக்குப் போன் வந்தது. தோல் சரக்கு வரவில்லை என்று யாரையோ திட்ட ஆரம்பித்தார். அக்கா மீதியையும் விடாமல் சத்தமாகப் படித்து எழுதினார். அண்ணாச்சி பேச்சை நிறுத்தாமலே கையெழுத்துப் போட்டார்.

மொத்தம் பதினோரு விண்ணப்பங்கள் வந்தன. பதினொன்றும் ஒரே நீல மை, ஒரே குண்டுக் கையெழுத்து. எங்கள் சேர்மன் முதலில் இது ஏதோ மோசடி என்று நினைத்தார். நான் அக்காவைப் பற்றிச் சொன்ன பிறகு ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டச் சொன்னார். எனக்கும் அவருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஒரு மண்டலின் குறைக்கு, 'பொருளாளர் ஊருக்குப் போனால் மூன்று மாதம் வரமாட்டார்' என்று எழுதியிருந்தார். இன்னொன்றுக்கு, 'பக்கத்தில் கருவாட்டுக் கடை, டாக்டருக்கு ஒத்துக்கொள்ளாது.' கடைசியில் அவருடைய சொந்த மண்டலின் விண்ணப்பத்தை எடுத்தேன். அதிலும் ஆறாவது கேள்வி இருந்தது.

'ஏணி செங்குத்து. மூட்டுவலி உள்ளவர்கள் ஏற முடியாமல் கீழேயிருந்தே டாக்டரைக் கூப்பிடுகிறார்கள். மழைக்கு ஒழுகும். டாக்டர் நாற்காலிக்கு ஒரு கால் இல்லை, செங்கல் கொடுத்திருக்கிறோம்.'

சேர்மன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இந்த அம்மா தன் கேஸையே தோற்கடிச்சிட்டாளே," என்றார். அண்ணாச்சி மண்டலின் அறை தரைமட்டத்தில் இருந்தது, வாசல் அகலமான பாதையில் இருந்தது, கூரை ஒழுகாது. நிதி அவர்களுக்குப் போனது. நியாயமான முடிவுதான், எனக்கு எதிர்த்துப் பேச ஒன்றும் இல்லை. ஆனாலும் அன்று முழுக்க யாரோடும் முகம் கொடுத்துப் பேச எனக்குப் பிடிக்கவில்லை.

முடிவைச் சொல்லப் போன் செய்தபோது அக்கா, "டாக்டர் வருவாருல்லா?" என்று கேட்டார். வருவார், ஆனால் அண்ணாச்சி கல்லிக்கு, என்றேன். "எந்தக் கல்லியா இருந்தா என்ன, வருவாருல்லா," என்று சொல்லிவிட்டு, போனைக்கூட வைக்காமல் குழாயடியில் அறிவித்தார். பதிலுக்கு எழுந்த சத்தத்தில் என்னால் ஒன்றும் பிரித்துக் கேட்க முடியவில்லை.

கல்லி அவர்மேல் பாய்ந்துவிட்டது. கைக்கு வந்ததை ஊருக்கெல்லாம் கூவி விட்டுவிட்டாள் என்று ஆளாளுக்கு ஏசினார்கள். அதிகம் கோபப்பட்டது இட்லிக்காரம்மாதான். அந்த அறைக்கு டாக்டர் வர ஆரம்பித்ததிலிருந்து ஒரு வாரம் தவறாமல் போனவர் அவர். அக்காவோடு பேச்சை நிறுத்திவிட்டார். காலையில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் குடத்தை வைத்துக்கொண்டு ஆளுக்கு ஒரு திசையைப் பார்த்து நிற்பார்கள் என்று மற்றவர்கள் சொன்னார்கள். மாதக் கடைசியில் ஏணி மேலிருந்த அறையைப் பூட்டினார்கள். இதற்கு மேல் ஒரு செய்தியும் வந்தது. அண்ணாச்சி மஞ்சள் நிறத்தில் கார்டு அடித்து, தன் கல்லிக்காரர்களுக்கு மட்டும் கொடுக்கிறாராம். கார்டு இல்லாதவர்களுக்குப் புது தவாகானாவில் இடம் இல்லை.

திறப்பு விழாவுக்கு இரண்டு நாள் முன்பு அக்கா எனக்குப் போன் செய்தார். பின்னால் எந்தச் சத்தமும் இல்லாமல் அவர் பேசி நான் கேட்டது அது ஒரு முறைதான்.

"மேடம், அண்ணாச்சி எங்களுக்குக் கார்டு தரமாட்டேங்காவ."

"சேர்மன்கிட்ட சொல்லட்டுமா?"

"வேண்டாம். வரும்போது அந்தப் பாரத்த எடுத்துட்டு வாங்க. அவிய கையெழுத்துப் போட்டது. அது போதும்."

எதற்கு என்று விளங்காமலே எடுத்துக்கொண்டு போனேன்.

புது தவாகானாவுக்கு வெள்ளையடித்து, வாசலில் மாவிலை கட்டியிருந்தார்கள். சேர்மன் ரிப்பன் வெட்டினார். டாக்டரும் நர்ஸும் உள்ளே போய் உட்கார்ந்தார்கள். அண்ணாச்சி வெள்ளைச் சட்டையில், கையில் மஞ்சள் கார்டுக் கட்டோடு, வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். எதிரே அக்காவும் அவர் கல்லிப் பெண்கள் இருபது பேரும். இட்லிக்காரம்மாவும் வந்திருந்தார், ஆனால் அக்காவை விட்டுத் தள்ளி, கடைசியில்.

"கார்டு இருக்கவங்க மட்டும் உள்ள வாங்க," என்றார் அண்ணாச்சி. "இது எங்க கல்லிக்கு வந்தது. இதுல எனக்கு யாரும் புத்தி சொல்ல வேண்டாம்."

"புத்தி சொல்ல வரல அண்ணாச்சி," என்றார் அக்கா. "மேடம் அந்தப் பாரத்த ஒரு தடவ வாசிக்கட்டும். ஏழாவது கேள்வி மட்டும்."

கோப்பைப் பிரித்தேன். எல்லாருக்கும் கேட்கும்படி வாசித்தேன். "'இந்த இடத்தை யார் யார் பயன்படுத்துவார்கள்? குழாயடிக்கு வருகிற எல்லாக் கல்லிக்காரர்களும். எந்தக் கல்லி, எந்த மண்டல் என்று கேட்க மாட்டோம். கார்டு கேட்க மாட்டோம். முதலில் வந்தவர் முதலில்.'" அதன் கீழே, அரைப் பக்கத்துக்கு அண்ணாச்சியின் கையெழுத்து.

அந்த வரியை நான் ஏற்கெனவே பதினோரு முறை படித்திருந்தேன். விண்ணப்பம் என்றால் எல்லாரும் எழுதுகிற நல்ல வார்த்தை என்று எண்ணித் தாண்டிப் போயிருந்தேன். நீளமான வாக்கியம் எழுதியே பழகிய எனக்கு, சொன்னதை அப்படியே செய்வதற்காக ஒருவர் எழுதுவார் என்று தோன்றவில்லை. பதினோரு பேரில் யார் ஜெயித்திருந்தாலும் தவாகானா எல்லாருக்குமானதாகத்தான் இருந்திருக்கும். 

"இத நீ எப்பம் எழுதின?" என்றார் அண்ணாச்சி.

"உங்க முன்னாலதான். சத்தமா வாசிச்சேன். நீங்க தோல்காரன ஏசிக்கிட்டு இருந்திய."

"எனக்கு மட்டுந்தான் இப்பிடி எழுதினியா?"

"பதினோரு பாரத்துலயும் இதாம். குழாயடில அத்தன பேர் முன்னாலயும் வாசிச்சேன். ஒருத்தரும் வேண்டாம்னு சொல்லல."

அவர் சொன்னது உண்மை. அங்கே நின்ற எல்லாருமே அதைக் கேட்டிருந்தார்கள். அக்கா வாயிலிருந்து எந்நேரமும் ஏதாவது வந்துகொண்டே இருந்ததால் யாரும் அதைச் சேதியாக எடுத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். சேர்மன் முதலில் கைதட்டினார். அண்ணாச்சி அவரைப் பார்த்தார், தன் கையெழுத்தைப் பார்த்தார், கார்டுக் கட்டைச் சட்டைப் பையில் செருகினார்.

"நான் கையெழுத்துப் போட்டா போட்டதுதான்," என்றார். உடனே கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, "என்ன இடிச்சிக்கிட்டு நிக்கிய? லைன்ல நில்லுங்க. வயசானவங்க முன்னால வாங்க," என்று கத்தினார். வரிசையை ஒழுங்குபடுத்துவதற்கு அவர் கோபம் அருமையாகப் பயன்பட்டது. கடைசியில் நின்ற இட்லிக்காரம்மாவைக் கையைக் காட்டிக் கூப்பிட்டு முதலாவதாக உள்ளே அனுப்பினார். படி இல்லை, ஏணி இல்லை. இட்லிக்காரம்மா நேராக நடந்து போய் நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினார்.

அக்கா கதவு ஓரமாக நின்றுகொண்டார். நர்ஸ் பிரஷர் பட்டையைச் சுற்றிக் காற்றடித்து, மெல்லிய குரலில் டாக்டரிடம் ஏதோ எண்ணைச் சொன்னாள். அக்கா உடனே வரிசையின் பக்கம் திரும்பினார்.

"மயினிக்கு நூத்தி அறுவதாம். ஊறுகாய நிறுத்தச் சொல்லுங்க."

"ஏ சண்டாளி," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "அத ஏன் ஊருக்கெல்லாம் சொல்லுத?"

மூன்று வாரத்துக்குப் பிறகு இட்லிக்காரம்மா அக்காவிடம் பேசிய முதல் பேச்சு அதுதான்.